பாஸ் மீன்பிடிக்குச் சோனார்: வாங்குவது, பொருத்துவது, திரையைப் படிப்பது

சோனார் திரையில் 20 அடியில் ஒரு மீன் தெரிகிறது. தூண்டிலை 20 அடிக்கு இறக்குகிறோம். கடிக்கவில்லை. அரைமணி நேரம் அதே இடத்தில் நின்று பார்த்துவிட்டு, கருவி சரியில்லை என்று முடிவு கட்டுகிறோம். கருவி சொன்னது சரிதான். அது “20 அடி தூரத்தில்” என்றது. நாம் “20 அடி கீழே” என்று வாசித்தோம்.

சோனார் அளப்பது, ஒலி போய் மோதித் திரும்ப எடுத்த நேரத்தை. 20 டிகிரி செல்சியஸ் நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர், அதாவது 4,850 அடி போகும். 20 அடியில் இருக்கும் தரையின் எதிரொலி சுமார் 8 மில்லி நொடியில் வந்துவிடும். அந்த நேரத்தைத் தூரமாக மாற்றிக் கருவி ஒரு புள்ளி வைக்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை, டிரான்ஸ்டியூசர், அதாவது தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி, ஒலியை எந்தப் பக்கம், எவ்வளவு அகலமாக அனுப்பியது என்று தெரிந்துகொண்டு நாம்தான் ஊகிக்க வேண்டும். நம்மூர் விசைப்படகில் இருக்கிற எக்கோ சவுண்டருக்கும் இதே நியாயம்தான்.

இங்கே பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன்; கொடுவாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு வகை முக்கியம். லார்ஜ்மவுத் நம் விரால் மாதிரி: களைக்குள், மரக்கட்டைக்கு அடியில், படகுத்துறை நிழலில் பதுங்கியிருந்து பாயும். ஸ்மால்மவுத் பாறையும் சரளையும் தெளிந்த நீரும் தேடும். கோடையில் 15 முதல் 30 அடி ஆழத்தில் நிற்கும். எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

நான்கு விதமான பார்வை

சாதாரண 2டி சோனார் படகுக்குக் கீழே கூம்பு வடிவில் ஒலியை அனுப்பும். 200 கிலோஹெர்ட்ஸ் கூம்பு பெரும்பாலான கருவிகளில் சுமார் 20 டிகிரி. 83 கிலோஹெர்ட்ஸ் சுமார் 60 டிகிரி. 20 டிகிரிக் கூம்பு தரையில் ஆழத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைப் பார்க்கும்: 15 அடி ஆழத்தில் வெறும் 5 அடி வட்டம். 60 டிகிரிக் கூம்போ ஆழத்தைவிடச் சற்று அதிக அகலம் பார்க்கும். பெட்டியில் ‘சர்ப்’ என்று போட்டிருந்தால், ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு வீச்சையே அனுப்புகிறது என்று பொருள். நெருங்கி நிற்கும் இரண்டு மீன்களைப் பிரித்துக் காட்டுவதில் இது நிச்சயமாக மேல்.

டவுன் இமேஜிங்கும் கீழேதான் பார்க்கும். கற்றை முன்பின்னாக மெல்லியது. மரக்கிளை கிளையாகவே தெரியும். சைடு இமேஜிங் அதே மெல்லிய கற்றையை இரு பக்கமும் விரிக்கிறது. நான்காவது, முன்னோக்கிப் பார்க்கும் நேரலைச் சோனார். மற்ற மூன்றும் படகு கடந்து வந்த இடத்தின் பதிவு. இது மட்டும் இந்தக் கணத்தில் நடப்பதைக் காட்டும். மீன் திரும்புவதும் தூண்டில் இறங்குவதும் தெரியும்.

சைடு இமேஜிங்கை ஹம்மின்பேர்டு 2005-இல் பொழுதுபோக்கு மீன்பிடிக்குக் கொண்டுவந்தது. கார்மினின் லைவ்ஸ்கோப் 2018-இல் வந்தது. ஆகவே பழைய சந்தையில் சைடு இமேஜிங் கருவிகள் நிறையக் கிடைக்கும். அப்படி வாங்கினால் திரையைவிட டிரான்ஸ்டியூசரைக் கூர்ந்து பாருங்கள்: முகத்தில் வெடிப்பு, கேபிளில் ஒட்டுப்போட்ட இடம், வளைந்த பின்கள். ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்டியூசரை இன்னொன்றின் திரையில் பெரும்பாலும் செருக முடியாது. சில வேளை அதே நிறுவனத்தின் பழைய செருகிகூடப் புதியதற்குச் சேராது.

எதை வாங்குவது

கயாக்கில் போகிறவர், சிறு குளங்களில் பிடிப்பவர்: 5 அல்லது 7 அங்குலத் திரை, 2டியும் டவுன் இமேஜிங்கும் போதும். 7 அங்குலத்துக்குக் கீழே சைடு இமேஜிங் வாங்குவது வீண். 5 அங்குலத் திரையை இடம், வலம் எனப் பிரித்தால் மீன் கண்ணுக்கே படாது.

16 அடிக்கு மேற்பட்ட படகு, பெரிய ஏரி என்றால் 9 அங்குலத் திரையோடு சைடு இமேஜிங் என்பது எங்கள் தீர்மானமான பரிந்துரை. முதல் பருவம் முழுக்க அதை மட்டும் பழகுங்கள். நேரலைச் சோனார் திரை இல்லாமலே ஆயிரம் டாலரைத் தாண்டும். மீன் எந்த இடத்தில் கூடும் என்று தெரியாதவர் கையில் அது, வெறும் தண்ணீரை மிகத் தெளிவாகக் காட்டும் தொலைக்காட்சி.

வரைபடத்தை மறக்க வேண்டாம். ஆழக்கோடு போட்ட ஏரி வரைபடங்களை நேவியானிக்ஸ், சி-மேப், லேக்மாஸ்டர் முதலியவை தருகின்றன. எந்தக் கருவி எந்த வரைபட அட்டையை ஏற்கும், நீங்கள் போகும் ஏரிக்கு ஓரடிக் கோடுகள் உண்டா என்பதை வாங்குமுன் பாருங்கள். டொரோண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிக்குப் போகும் நம்மவர்கள் முதலில் திறக்க வேண்டியது வரைபடத்தைத்தான். நீருக்கடியில் எங்கே பாறைத்திட்டு எழும்புகிறது, எங்கே சட்டென்று பள்ளம் என்பதை ஒலி அனுப்பாமலே அது சொல்லிவிடும். களை நெருங்கிய 4 அடி ஆழத்தில் லார்ஜ்மவுத் தேடுகிறவருக்கு 2டி சோனார் ஏறக்குறைய உதவாது. அங்கே வரைபடமும் சைடு இமேஜிங்கும், அதற்குப் பிறகு கண்ணும்தான்.

மின்சாரம்

“கருவி கெட்டுவிட்டது” என்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி வயரிங் கோளாறு. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஸ்டார்ட்டர் பாட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. சோனாரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தால் அணைந்து மறுபடி எழும். ட்ரோலிங் மோட்டார், அதாவது முன்னணியத்தில் இருக்கும் மின்மோட்டார், அதன் பாட்டரியில் இணைத்தால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு கிளப்பும் இரைச்சல் திரையில் மழைக்கோடுபோல விழும். சோனாருக்கென்று தனி 12 வோல்ட் பாட்டரி வையுங்கள்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள். திரை 2 ஆம்பும் நேரலைச் சோனார்ப் பெட்டி 4 ஆம்பும் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவியின் சரியான எண் கையேட்டில் இருக்கும். 6 ஆம்ப், 8 மணி நேரம்: 48 ஆம்ப்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 60 ஆம்ப்-மணிப் பாட்டரி போதும். ஈய அமில பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 100 ஆம்ப்-மணி வேண்டும், எடையும் அதற்குத் தகுந்தபடி. லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. கனடாவில் வண்டிக்கொட்டகையில் படகு நிறுத்துகிறவர்கள் நவம்பர் பிறந்தால் பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவது நல்லது.

வயரின் கனம் முக்கியம். பாட்டரி பின்னால், திரை 20 அடி முன்னால். போகவும் வரவும் 40 அடி. 5 ஆம்ப் ஓடும்போது 18 கேஜ் வயரில் 1.3 வோல்ட் வழியிலேயே தொலையும். அதைவிடத் தடித்த 12 கேஜில் 0.3 வோல்ட்தான். மாலையில் பாட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது இந்த ஒரு வோல்ட்தான் கருவி அணைவதற்கும் அணையாததற்கும் வித்தியாசம். கையேடு சொல்லும் அளவில் ஃப்யூஸ், பாட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள். டிரான்ஸ்டியூசர் கேபிளையும் மோட்டார் வயரையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டாம். கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டவே வேண்டாம். மிச்சத்தைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

டிரான்ஸ்டியூசரைப் பொருத்துவது

துளை போடுமுன் இடம் பாருங்கள். பின்பலகையில் பொருத்துவதானால்:

1. புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 15 அங்குலம் தள்ளி, அதன் இலைகள் கீழ்நோக்கி இறங்கும் பக்கம். பின்னாலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றில் சுழல்வதென்றால் அது வலப்பக்கம்.
2. அந்த இடத்துக்கு முன்னால் அடிப்பாகத்தில் ஆணி வரிசை, வரம்பு, தண்ணீர் உறிஞ்சும் துளை எதுவும் இருக்கக் கூடாது. அவற்றில் பிறக்கும் காற்றுக்குமிழி நேராக டிரான்ஸ்டியூசர் முகத்தில் வந்து ஒட்டும். குமிழியை ஒலி தாண்டாது.
3. படகில் நேரே துளைக்காமல், முதலில் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டியோ இரண்டு திருகாணியில் பிடித்தோ, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை வையுங்கள். இடம் மாற்றும்போது பலகையில்தான் ஓட்டை விழும், படகில் விழாது.
4. படகு தண்ணீரில் நிற்கும்போது முகம் தரைக்குக் கிடைமட்டமாக இருக்கட்டும். டிரெய்லரில் சரியாகத் தெரிவது தண்ணீரில் சரியாக இருக்காது.
5. சைடு இமேஜிங் என்றால் இருபக்கமும் பார்வை மறையாமல் இருக்க வேண்டும். எஞ்சினின் கீழ்க்கால் மறைத்தால் அந்தப் பக்கம் கருப்புப் பட்டையாகவே வரும்.
6. திருகாணித் துளைகளைக் கடல்படகு சீலன்ட்டால் அடைத்துவிட்டு, காயும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.

வேகத்தில் போகும்போது மட்டும் ஆழம் தெரியாமல் போகிறதா? டிரான்ஸ்டியூசரை ஒரு கால் அங்குலம் இறக்கிப் பாருங்கள். பின்புறத்தில் நீர்ச்சிதறல் கிளம்பும் அளவுக்கு இறங்கிவிட்டால் இறக்கியதில் பாதி மேலே ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும்.

2டி திரை: வளைவு ஏன் வருகிறது

திரையின் வலது ஓரம்தான் இப்போது. இடப்பக்கம் எல்லாம் கடந்துபோனது. மீன் கூம்புக்குள் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அந்தத் தூர மாற்றத்தைக் கருவி வரைவதுதான் வில் போன்ற வளைவு. படகும் மீனும் அசையாமல் நின்றால் நீளக் கோடு வரும். ஆகவே வளைவின் நீளம் மீனின் நீளமல்ல. எவ்வளவு நேரம் கூம்பில் இருந்தது என்பது. பருமனைச் சொல்வது கோட்டின் தடிப்பு.

தொடக்கத்தில் சொன்ன மீனுக்கு வருவோம். 60 டிகிரிக் கூம்பின் ஓரத்தில், 20 அடி தூரத்தில் இருந்தால் அது உண்மையில் 17 அடி ஆழத்தில், படகுக்கு 10 அடி பக்கவாட்டில் நிற்கிறது. 20 டிகிரிக் கூம்பானால் பக்கவாட்டுப் பிழை மூன்றரை அடிக்குள் அடங்கும். நேர் கீழே தூண்டில் இறக்கிப் பிடிப்பதென்றால் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இதே காரணத்தால் சரிவில் தரையை ஒட்டி நிற்கும் மீன் திரையில் மறைந்துவிடும்: கூம்பின் மேட்டுப்பக்கம் முதலில் எதிரொலித்து, அந்த மீனைத் ‘தரைக்குள்’ புதைத்துவிடுகிறது.

தரை தடித்துப் பிரகாசமாக இருந்தால் கெட்டி. அதன் கீழே இரட்டை ஆழத்தில் இன்னொரு மங்கல் கோடு வந்தால் இன்னும் கெட்டி, பாறை அல்லது சிப்பிப் படுகை. மெலிந்து கலைந்திருந்தால் சேறு. கோடையில் நடுநீரில் ஒரே ஆழத்தில் புகைபோல் ஓடும் பட்டை வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கு. பல ஏரிகளில் அதற்குக் கீழே ஆக்சிஜன் போதாது. பட்டை 22 அடியில் என்றால் 35 அடியில் பாஸ் தேட வேண்டாம். சென்சிட்டிவிட்டியை, அதாவது மங்கல் எதிரொலியையும் காட்டும் அளவை, மெல்ல ஏற்றினால் அது தென்படும். ‘ஃபிஷ் ஐடி’ என்று மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். இலைக்கும் குமிழிக்கும்கூட அது மீன் படம் போடும்.

சைடு இமேஜிங்: நிழலைப் படியுங்கள்

நடுவில் கருப்பாக ஓடும் பட்டை படகுக்கும் தரைக்கும் இடைப்பட்ட தண்ணீர். அது முடியும் இடத்தில் தரை தொடங்குகிறது. முதல் தரைப் புள்ளி உங்களுக்கு நேர் கீழே.

வேகம் மணிக்கு 3 முதல் 5 மைல். மெதுவாகப் போனால் கட்டை நீண்டு தெரியும், வேகமானால் நசுங்கும். நேர்கோட்டில் ஓட்டுங்கள். திரும்பும்போது வரும் படத்தை நம்ப வேண்டாம்: உட்பக்கம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும், வெளிப்பக்கம் நசுங்கிப் போகும். வீச்சு ஆழத்தின் மூன்று நான்கு மடங்கு; 20 அடியில் பக்கத்துக்கு 60 முதல் 80 அடி. தேடும்போது 455 கிலோஹெர்ட்ஸ் தூரம் காட்டும். இடம் தெரிந்தபின் 800 கிலோஹெர்ட்ஸோ 1.2 மெகாஹெர்ட்ஸோ நுணுக்கம் காட்டும்.

வெள்ளையாகத் தெரிவது எதிரொலி. அதற்குப் பின்னால் கருப்பாக விழுவது ஒலி எட்டாத நிழல். உயரத்தைச் சொல்வது நிழல்தான். கணக்கு எளிது: நிழலின் நீளத்தை ஆழத்தால் பெருக்கி, நிழல் முடியும் தூரத்தால் வகுங்கள். 16 அடி ஆழம், 8 அடி நிழல், அது 48 அடியில் முடிகிறது என்றால் கட்டையின் உயரம் சுமார் 2.7 அடி. ஒரு வெள்ளைப் புள்ளிக்கும் அதன் நிழலுக்கும் இடையே வெளி இருந்தால் அது தரையில் ஒட்டாமல் மிதக்கிறது, அநேகமாக மீன். மீன்கூட்டம் தரையில் சிந்திய அரிசிபோல இருக்கும். ஆனால் அரிசி பாஸா, கெண்டையா, டிரம் மீனா என்று எந்தத் திரையும் சொல்லாது. அதைத் தூண்டில்தான் சொல்லும்.

இங்கேயும் தூரம் சாய்தூரமே. 20 அடி ஆழத்தில், 40 அடியில் தெரியும் பாறை, தண்ணீரின் மேல் அளந்தால் 35 அடிக்குச் சற்று உள்ளே. அடையாளம் வைப்பதற்கு நிறுத்தி, கர்சரைப் பாறைமேல் கொண்டுபோய் வேபாயின்ட் போடுங்கள். பிறகு அதே இடத்தைக் குறுக்குவாட்டில் இன்னொரு முறை கடந்து சரிபாருங்கள். ஜிபிஎஸ் திரைக்குள் இருந்து, டிரான்ஸ்டியூசர் 10 அடி பின்னால் இருந்தால் அந்த 10 அடியும் பிழையில் சேரும்.

பழக நல்ல இடம் பாலங்கள். தூண் இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியும். திரையில் அது எப்படி வருகிறது என்று ஒப்பிடலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் டென்னசி ஆற்றை மறித்துக் கட்டிய கென்டக்கி ஏரி, கண்டர்ஸ்வில் ஏரி போன்ற நீர்த்தேக்கங்கள் இதற்குப் பள்ளிக்கூடம். கென்டக்கி அணை 1944-இல் முடிந்தது. பழைய ஆற்றுத்தடமும் மூழ்கிய சாலைகளும் இன்னும் அடியில் கிடக்கின்றன. ஜூன், ஜூலையில் அந்தப் பழைய தடத்தின் விளிம்பில், 12 முதல் 25 அடியில், சிப்பிப் படுகை மேலோ ஒரு மரமுண்டைச் சுற்றியோ லார்ஜ்மவுத் கூட்டமாக நிற்கும். விளிம்புக்கு இணையாக ஓட்டி ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அணையில் மின்சாரம் எடுக்கும் நேரத்தில் நீரோட்டம் பிறக்கும். மீன் ஓட்டத்தை எதிர்த்து நின்று இரை எடுக்கும். ஓட்டமில்லாத நேரத்தில் அதே கூட்டம் சிதறிக் கிடக்கும். அதற்குச் சோனாரைக் குறை சொல்ல வேண்டாம்.

நேரலைச் சோனார்

ட்ரோலிங் மோட்டார்த் தண்டிலோ தனிக் கம்பத்திலோ பொருத்துவார்கள். தண்டில் பொருத்தினால் ஒரு சங்கடம்: படகை ஒரே இடத்தில் தானே நிறுத்திவைக்கும் நங்கூர வசதி போட்டதும் மோட்டார் தானாகத் திரும்பும், பார்வையும் கூடவே போய்விடும். காற்றடிக்கும் ஏரியென்றால் தனிக் கம்பமே மேல்.

இது மேல்-கீழ்க் கோணத்தைத் தானே கண்டுபிடித்துப் படமாகத் தரும். இடம்-வலம் மட்டும் தெரியாது. லைவ்ஸ்கோப்பின் கற்றை சுமார் 20 டிகிரி அகலம்; 30 அடியில் அது பத்தரை அடி, 60 அடியில் 21 அடி. வீசிய தூண்டில் திரையில் வரவில்லை என்றால் கற்றைக்கு வெளியே விழுந்திருக்கிறது. கம்பத்தின் தலையில் திசைகாட்டும் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நேரே வீசப் பழகுங்கள்.

தொடக்க அமைப்பு: முன்வீச்சு 60 அடி, ஆழ எல்லை தரையைவிட 5 அடி கூடுதல். கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவை, தரையும் தூண்டிலும் தெளிவாகத் தெரியும்வரை ஏற்றி, தண்ணீர் முழுக்கப் புள்ளி தெறிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் இறக்குங்கள். இரைச்சல் வடிகட்டிகளை முதலில் அணைத்து வையுங்கள். அவை சிறு தூண்டிலையும் சேர்த்து விழுங்கும்.

மீன் தெரிந்ததும் கம்பத்தை மெல்ல இடவலமாக அசைத்து, மிகப் பிரகாசமாக வரும் திசையில் நிறுத்துங்கள். மீனுக்கு 5 முதல் 10 அடி அப்பால் வீசி, அதன் தலைக்கு மேலாகத் தூண்டில் கடக்கும்படி இழுங்கள். பாஸ் மேல்நோக்கி எழுந்து கடிக்கும். அதற்குக் கீழே போன தூண்டிலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. பின்தொடர்ந்து வந்து திரும்பிவிடும் மீனுக்கு வேகத்தையோ தூண்டில் அளவையோ மாற்றிப் பாருங்கள். மூன்று முறை திரும்பிவிட்டால் அடுத்த மீனைத் தேடுவது புத்திசாலித்தனம். திரையில் தெரிகிறதே என்ற ஆசையில் ஒரே மீனுக்குக் காலைப்பொழுதைக் கொடுத்தவர்கள் அதிகம்.

போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள் விதிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் பாஸ் போட்டி நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ்., மேஜர் லீக் ஃபிஷிங் இரண்டும் தங்கள் உயர்நிலைத் தொடர்களில் 2025-இலிருந்து இந்தக் கருவிக்கு வரம்பு விதித்திருக்கின்றன.

ஆழத்தில் மீனைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டதால் இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. 30 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுத்த பாஸின் காற்றுப்பை, அழுத்தம் குறைந்ததும் வீங்கிவிடும். விட்டால் அது கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். அளவு பார்த்து விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிப்பவர்கள், இரண்டாவது மீனும் அப்படி மிதந்தால், திரையில் எத்தனை தெரிந்தாலும் 20 அடிக்குள் இருக்கிற இடத்துக்குப் படகை நகர்த்துங்கள்.